கன்றை விட்டு மரத்துக்கு வாருங்கள்

பழமரப் புரதங்களை ஆராய்வோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆய்வாளர்களுக்கு,



மா, கொய்யா, மாதுளை, எலுமிச்சை என்று ஏதோ ஒரு பழமரத்தின் இலையையோ பட்டையையோ பிஞ்சையோ பறித்துவந்து, அதிலுள்ள புரதங்களைப் பிரித்து, வெயிலும் வறட்சியும் உப்பும் நோயும் அந்த மரத்துக்குள் என்ன செய்கின்றன என்று தேடிக்கொண்டிருப்பவர்கள் நீங்கள். கோவையிலும் பெரியகுளத்திலும் இருக்கிறீர்கள். பெங்களூருக்குப் பக்கத்தில் ஹெசரகட்டாவிலும் லக்னோவுக்குப் பக்கத்தில் ரெஹ்மான்கேராவிலும் இருக்கிறீர்கள். சிலர் ஆய்வுக்குழுவை நடத்துகிறவர்கள். சிலர் முனைவர் பட்டத்துக்கான முதல் மாதிரியை இப்போதுதான் அரைக்கத் தொடங்கியிருக்கிறவர்கள். எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். இளையவர்கள் கொஞ்சம் கூடுதலாகக் காது கொடுத்தால் மகிழ்வேன்.

நான் தோட்டக்கலை பற்றி எழுதுகிறவன். கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்து மாந்தோப்புகளில் விவசாயிகளோடு பேசுவதும், அதே மரத்தைப் பற்றி நீங்கள் எழுதும் கட்டுரைகளைப் படிப்பதும் என் வேலை. இரண்டையும் மாறி மாறிச் செய்துவரும்போது ஒரு குறை மனதை அழுத்துகிறது. தோப்பில் கேட்கிற கேள்விக்குக் கட்டுரையில் பதில் இல்லை. கட்டுரையில் இருக்கிற பதிலைத் தோப்பில் யாரும் கேட்கவில்லை. உங்கள் திறமையிலோ உழைப்பிலோ எனக்குத் துளியும் சந்தேகம் கிடையாது. நீங்கள் ஆராய்வது பெரும்பாலும் பாலித்தீன் பையில் நிற்கும் கன்றை. விவசாயி கேட்பதோ இருபது வருட மரத்தைப் பற்றி. கோளாறு அங்கேதான் என்று நினைக்கிறேன்.

உங்கள் வேலை எவ்வளவு கடினமானது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும், வெளியே பலருக்கு அது தெரியாது. 100 கிராம் மாம்பழச் சதையில் புரதம் 1 கிராம்கூடத் தேறாது. ஆப்பிளில் அதிலும் குறைவு. மிச்சமெல்லாம் தண்ணீர், சர்க்கரை, அமிலம், பெக்டின், நார். இலையில் புரதம் கூடுதலாக உண்டு, ஆனால் மா இலை முழுக்கத் துவர்ப்பு. அந்தத் துவர்ப்பைத் தரும் பாலிபீனால்கள் காற்றுப் பட்டதும் மாறிப் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கெடுத்துவிடும். மாங்காயை நறுக்கி வைத்தால் கறுக்கிறதே, அதே வினைதான். அதனால் பறித்த கையோடு இலை திரவ நைட்ரஜனுக்குள் போக வேண்டும், மைனஸ் 196 டிகிரி செல்சியஸுக்கு. ஆவி பொங்கும் சின்ன உரலில் உறைந்த இலையைப் போட்டு, இளகுவதற்குள் மாவாக அரைக்க வேண்டும். கை விறைக்க விறைக்க நைட்ரஜனை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு பாலிபீனாலைப் பிடித்து வைக்கும் தூளைச் சேர்ப்பது, பீனால் கரைசலுக்குள் புரதத்தை இழுப்பது, அமோனியம் அசிடேட் கலந்த மெத்தனாலில் ராத்திரி முழுக்க உறைநிலையில் வைப்பது, மறுநாள் குளிர்ந்த அசிட்டோனில் திரும்பத் திரும்பக் கழுவுவது. கடைசியில் குழாயின் அடியில் ஒரு சின்னப் படிவு தங்கும். அது வெள்ளையாக இருந்தால் வேலை பலித்தது. பழுப்பாக இருந்தால் மறுபடியும் இலையிலிருந்து தொடங்க வேண்டும். இப்படி அடம்பிடிக்கும் தாவரத் திசுக்களுக்கு எந்த முறை ஒத்துவரும் என்று கார்னெல் பல்கலைக்கழகத்தில் ராமு சரவணனும் ஜோசலின் ரோஸும் ஒப்பிட்டு 2004ல் எழுதிய கட்டுரை உங்கள் எல்லோருடைய மேசையிலும் இருந்திருக்கும்.

புரதம் கைக்கு வந்த பிறகும் தொல்லை தீர்வதில்லை. இலையில் கரையும் புரதத்தில் பாதி வரைக்கும் ருபிஸ்கோ என்ற ஒரே புரதம். காற்றிலுள்ள கரியமில வாயுவைப் பிடித்துச் சர்க்கரையாக்கும் வேலையைத் தொடங்கிவைப்பது அது. அது இல்லாமல் உலகில் சோறு இல்லை. ஆனால் ஆய்வகத்தில் அது கல்யாண வீட்டு மேளம். அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் மெல்லப் பேசுகிற மற்றப் புரதங்களை நீங்கள் கேட்டாக வேண்டும்.

மாவை ஆராய்ந்தவர்களுக்கு இன்னொரு தடையும் இருந்தது. புரதத்தை டிரிப்சின் கொண்டு துண்டாக்கி, நிறைமாலை இயந்திரத்தில் அந்தத் துண்டுகளின் எடையை அளந்து, எந்த மரபணுவிலிருந்து வந்த துண்டு இது என்று பொருத்திப் பார்த்துத்தான் பெயர் வைக்க முடியும். பொருத்திப் பார்க்க மாவின் மரபணுத் தொகுதியே முழுதாகக் கையில் இல்லாமல் பல காலம் போயிற்று. திராட்சைக்கு 2007லேயே கிடைத்துவிட்டது, ஆப்பிளுக்கு 2010ல், பீச்சுக்கும் ஆரஞ்சுக்கும் 2013ல். மாவும் ஆரஞ்சும் ஒரே வரிசையைச் சேர்ந்த தூரத்து உறவு என்பதால், மாவின் துண்டை ஆரஞ்சோடு பொருத்தி ஒப்பேற்ற வேண்டியிருந்தது. பொருந்தாதவை பெயரில்லாமல் கழிந்தன. 2020ல் அல்போன்சா ரகத்தின் முழுமையான மரபணுத் தொகுதி வெளியான பிறகு அந்தக் குறை பெருமளவு தீர்ந்துவிட்டது. கருவி கூர்மையாகிவிட்டது. ஆகவே, இதுவரை கேட்ட அதே கேள்வியையே அதைக்கொண்டு கேட்கப் போகிறோமா என்று யோசிக்க இதுவே நல்ல நேரம்.

அதே கேள்வி என்று நான் சொல்வது இதைத்தான். கன்றுகளை இரண்டு குழுவாகப் பிரிக்கிறோம். ஒரு குழுவுக்குத் தண்ணீர் நிறுத்துகிறோம், அல்லது உப்பு ஊற்றுகிறோம், அல்லது சூடேற்றுகிறோம். சில நாள் கழித்து இலையைப் பறித்து ஒப்பிடுகிறோம். கூடிய புரதங்கள், குறைந்த புரதங்கள் என்று ஒரு பட்டியல் கிடைக்கிறது. மேலே வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள், அதற்குக் கீழே சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ், பெராக்சிடேஸ், எனோலேஸ், ருபிஸ்கோவின் உடைந்த துண்டுகள். மாவாக இருந்தாலும் மாதுளையாக இருந்தாலும், வறட்சியாக இருந்தாலும் உப்பாக இருந்தாலும், பட்டியலின் தலைப்பகுதி ஏறத்தாழ அதேதான்.

இது பழமரத்துக்கு மட்டும் உள்ள சிக்கல் இல்லை. பிராகைச் சேர்ந்த யிரி பெட்ராக்கும் அவருடைய குழுவினரும் 2008ல் மனிதர், எலி ஆகியவற்றின் திசுக்களில் நடந்த புரத ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். எந்த நோயை எந்தத் திசுவில் ஆராய்ந்திருந்தாலும் எனோலேஸும் ஒரு வெப்ப அதிர்ச்சிப் புரதமும் திரும்பத் திரும்பத் தலைகாட்டின. உயிரணு எதனால் தொந்தரவுபட்டாலும் முதலில் எழுப்பும் பொதுவான கூக்குரல் அது. வெப்பத்துக்கு உயிரணு தனியாகப் பதில் கொடுக்கிறது என்பதை ஃபெர்ருச்சோ ரிடோசா பழ ஈயின் குரோமோசோம்களில் பார்த்து எழுதியது 1962ல். அறுபது ஆண்டுக்கு மேலாகிவிட்டது. மா இலையைச் சுட்டால் வெப்ப அதிர்ச்சிப் புரதம் ஏறுகிறது என்ற செய்தி இன்றைக்கு ஒரு விவசாயிக்கும் உதவாது, அறிவியலுக்கும் புதிதாக ஒன்றும் சேர்க்காது. கடுமையாகச் சொல்கிறேன் என்று தோன்றலாம். உங்கள் உழைப்பு அந்த ஒரு வரியில் முடிந்துபோகிறதே என்ற வருத்தத்தில் சொல்கிறேன்.

தோப்பு மரத்தின் வாழ்க்கை பைக்குள் நிற்கும் கன்றின் வாழ்க்கைக்கு முற்றிலும் வேறு. பையில் இருக்கும் மண் சில நாளில் காய்ந்துவிடும். வேர் போக வேறு இடமில்லை, கன்று ஒரேயடியாக வாடும். தோப்பில் வளர்ந்த மரத்தின் வேர் ஆழத்தில் இருக்கிறது. அதற்கு வறட்சி வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மெல்ல மெல்ல வருகிறது. இலை தன் சாற்றின் அடர்த்தியைச் சரிசெய்துகொள்ள நேரம் இருக்கிறது. புதுக் கொழுந்து விடுவதை நிறுத்திவைக்க நேரம் இருக்கிறது. திடீர் அடிக்கும் நீண்ட பற்றாக்குறைக்கும் ஒரே புரதங்கள் பதில் சொல்லும் என்று எதை வைத்து எதிர்பார்ப்பது?

மாவைப் பொறுத்தவரை இதில் இன்னும் ஒரு விஷயம் இருக்கிறது. பூப்பதற்கு முந்திய இரண்டு மூன்று மாதம் நம் விவசாயிகள் வேண்டுமென்றே தண்ணீரை நிறுத்துவார்கள். அந்தக் காய்ச்சலும் மார்கழி, தை மாதத்து இரவுக் குளிரும் சேர்ந்தால்தான் கொழுந்துக்குப் பதிலாகப் பூ வரும். தண்ணீர் காட்டினால் மரம் கொழுந்தாகத் தள்ளிவிடும் என்று எந்தத் தோப்புக்காரரைக் கேட்டாலும் சொல்வார். அப்படியானால் மாமரத்துக்கு வறட்சி என்பது வந்துபோகும் நோய் மட்டுமில்லை, அதன் ஆண்டு வாழ்க்கையில் அதற்கென்று ஒரு பருவம் இருக்கிறது. ஒரு கன்றில் தண்ணீரை நிறுத்தியதும் ஏறிய புரதத்துக்கு நீங்கள் அழுத்தப் புரதம் என்று பெயர் கொடுக்கிறீர்கள். அதே புரதம் வளர்ந்த மரத்தில் மார்கழியில் ஏறினால் அது துன்பத்தின் அடையாளமா, பூப்பதற்கான ஆயத்தமா? பூக்காத வயதில் இருக்கும் கன்று இதற்கு ஒருபோதும் பதில் சொல்லாது.

வேர் பற்றியும் சொல்லியாக வேண்டும். போச்சம்பள்ளிக்குப் பக்கத்தில் சந்தூர் வட்டாரத்தில் மாங்கன்று உற்பத்தி செய்யும் நாற்றங்கால்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கொட்டையைப் போட்டு முளைக்கவைத்து, அந்த நாற்றின் மேல் அல்போன்சாவோ பெங்களூராவோ செந்தூராவோ ஒட்டுக் கட்டுவார்கள். கொட்டை பல இடங்களில் மாங்கூழ் ஆலையிலிருந்து வருவது. நம் நாட்டு மா ரகங்களில் பெரும்பாலானவை ஒற்றைக்கரு ரகங்கள். ஒவ்வொரு கொட்டையும் தாயும் தகப்பனும் கலந்த தனித்தனி வாரிசு. வெள்ளைக்குளம்பன், ஓலூர் போன்ற பல்கரு ரகங்களின் கொட்டையைப் போட்டால் தாயைப் போலவே நாற்று வரும், ஆனால் நாற்றங்காலில் அதற்காக மெனக்கெடுகிறவர்கள் குறைவு. ஆக, ஒரே தோப்பில் ஒரே வரிசையில் நிற்கும் ஐந்து அல்போன்சா மரங்களுக்கு மேலே ஒரே மரபு, கீழே ஐந்து வேறு மரபு. அந்த ஐந்தையும் ஒரே மாதிரியின் ஐந்து பிரதிகள் என்று கணக்கிட்டு உப்புத் தாங்கும் திறனை அளந்தால், அளப்பது எதை? உப்பை முதலில் சந்திப்பது வேர். இஸ்ரேலில் உப்பும் சுண்ணாம்பும் மிகுந்த மண்ணுக்கென்று 13-1 என்ற பல்கரு வேர்ச்செடியைத் தேர்ந்தெடுத்துப் பயன்படுத்துகிறார்கள் என்றால் அதற்குக் காரணம் இதுதான். உங்கள் கட்டுரைகளில் வேர்ச்செடி என்ன என்ற ஒரு வரி பல சமயம் இருப்பதே இல்லை. அந்த வரி இல்லாத கட்டுரையைப் படிக்கும்போது எனக்குப் பாதி மரத்தைப் பற்றிப் படிப்பதாகவே தோன்றுகிறது.

நான் கேட்பது நடக்காத காரியம் இல்லை. பழமரத்திலேயே அதை நடத்திக் காட்டியிருக்கிறார்கள். அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியாவின் கெர்னிஸ்வில் ஆராய்ச்சி நிலையத்தில் ராஜீவ் அரோரா, மைக்கேல் விஸ்னியூஸ்கி, ரால்ஃப் ஸ்கோர்ஸா மூவரும் 1992ல் வெளியிட்ட பீச் ஆய்வு அதில் ஒன்று. பீச் மரம் இலையுதிர்காலத்தில் இலையைக் கொட்டிவிட்டு உறங்கும். ஆனால் பீச்சிலேயே, உறங்கத் தெரியாமல் என்றும் பச்சையாக நிற்கும் ஒரு வகையும் உண்டு. இரண்டையும் கலந்து பெற்ற உடன்பிறப்பு மரங்களை எடுத்துக்கொண்டு, பருவத்துக்குப் பருவம் பட்டையை உரித்து, குளிர் தாங்கும் திறனையும் புரதத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தார்கள். குளிர்காலம் நெருங்க நெருங்க ஏறி, வசந்தத்தில் இறங்கும் புரதங்கள் கண்ணுக்குத் தெரிந்தன. உறங்கும் மரத்தில் அவை கூடுதல், என்றும் பச்சையான உடன்பிறப்பில் குறைவு. அதோடு நிறுத்தவில்லை. அந்தப் புரதங்களில் ஒன்றான 60 கிலோடால்டன் டிஹைட்ரினைத் தனியே சுத்திகரித்து எடுத்து, உறையவைக்கும்போது வேறொரு நொதியைக் கெடாமல் அது காப்பாற்றுகிறதா என்று சோதித்து, காப்பாற்றுகிறது என்று விஸ்னியூஸ்கியும் வேறு சிலரும் 1999ல் எழுதினார்கள். ஒரு மரத்தோடு பல பருவம் இருந்து, ஒரே ஒரு புரதத்தைப் பிடித்து, அது செய்யும் வேலை வரைக்கும் போயிருக்கிறார்கள். அந்த ஆய்வு தொடங்கியபோது இன்று உங்களிடம் இருக்கும் இயந்திரங்களில் பாதிகூட அவர்களிடம் இல்லை.

நம் பக்கத்துக் கதை ஒன்றும் இருக்கிறது. எனக்கு அதுதான் இன்னும் நெருக்கம். அல்போன்சா பழம் வெளியே குறையில்லாமல், நிறமும் மணமுமாக இருக்கும். அறுத்தால் கொட்டையை ஒட்டிய சதை வெளிறி, பஞ்சாக, புளிப்பாக, நடுவில் காற்றுப் பொந்தோடு இருக்கும். பஞ்சுச் சதை என்று சொல்லும் இந்தக் கோளாறு 1930களிலேயே பதிவாகிவிட்டது. வெளியிலிருந்து பார்த்துக் கழிக்க முடியாது என்பதுதான் இதில் கொடுமை. வாங்குகிறவர் வீட்டில் போய் அறுத்த பிறகுதான் தெரியும், அடுத்த முறை அவர் அந்தப் பழத்தையே தொட மாட்டார். சூடான மண்ணிலிருந்து எழும் அனல் காரணம் என்றார்கள். சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்றார்கள். அறுவடை தாமதம் என்றார்கள். எல்லாவற்றிலும் ஓரளவு உண்மை இருந்தது, எதுவும் முழுக் காரணமாக இல்லை. எல்லோரும் சதையையே பார்த்துக்கொண்டிருந்தபோது, ஹெசரகட்டாவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தில் வி. ரவீந்திராவும் எஸ். சிவசங்கரும் கொட்டையை உடைத்துப் பார்த்தார்கள். 2004 முதல் அவர்கள் வெளியிட்ட ஆய்வுகள் காட்டியது இது: பழம் மரத்தில் இருக்கும்போதே உள்ளே விதை முளைப்பதற்கான வேலையைத் தொடங்கிவிடுகிறது. மா விதை காய்ந்து காத்திருக்கும் விதை அல்ல. முதிர்ந்ததும் முளைக்கத் துடிப்பது. வெயிலும் முதிர்ச்சியும் கூடும்போது, இன்னும் பறிக்காத பழத்துக்குள்ளேயே அது விழித்துக்கொள்கிறது. சுற்றியிருக்கும் சதை அதற்கு விலை கொடுக்கிறது. அந்த ஆய்வு வரிசை விதையிலுள்ள நீண்ட சங்கிலிக் கொழுப்பு அமிலங்களின் குறைவு வரைக்கும் போய், காய் பாதி முதிர்ந்த நிலையில் நனைப்பதற்கு ‘அர்கா சாக நிவாரகா’ என்ற கரைசலாக வெளியே வந்தது.

இந்தக் கதையைத் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன். அங்கே ஆய்வைத் திருப்பிவிட்டது இயந்திரத்தின் கூர்மை இல்லை. எந்தத் திசுவை, எந்த நாளில் பார்ப்பது என்ற முடிவு. கோளாறு தெரிவது சதையில், காரணம் இருப்பது விதையில். சதையின் புரதங்களை எத்தனை ஆயிரமாகப் பட்டியல் போட்டிருந்தாலும் விதையின் விழிப்பு அதில் நேராகத் தெரிந்திருக்காது. வாசனையும் புளிப்பும் மாறிய சதையில் விளைவுகள் மட்டும்தான் குவிந்திருக்கும்.

எலுமிச்சைக் குடும்பத்தை ஆராய்கிறவர்களுக்கும் இதே மாதிரி ஒரு பாடம் ஃபுளோரிடாவில் கிடைத்தது. அங்கே 1997-98 பருவத்தில் 24 கோடிப் பெட்டிக்கு மேல் ஆரஞ்சு விளைந்தது. பச்சையாக்கும் நோய் 2005ல் அங்கு தென்பட்டது. அதுவும் அடுத்தடுத்த புயல்களும் சேர்ந்து 2022-23ல் விளைச்சலை 1.6 கோடிப் பெட்டி அளவுக்குக் கொண்டுவந்துவிட்டன. நோயுற்ற இலையில் கைட்டினேஸ் போன்ற தற்காப்புப் புரதங்கள் ஏறுவதையும் ஒளிச்சேர்க்கைப் புரதங்கள் இறங்குவதையும் பல குழுக்கள் காட்டின. ஆனால் மரம் சாவதற்கான வழி வேறொரு இடத்தில் இருந்தது. சர்க்கரையைக் கீழே கொண்டுபோகும் புளோயம் குழாய்கள் அடைத்துக்கொள்ள, இலை மாவுச்சத்தால் விம்முகிறது, வேர் பட்டினி கிடக்கிறது. காட்டு எலுமிச்சை இந்த நோயை ஓரளவு தாங்குகிறது என்பதைக் கவனித்து, தாங்கும் மரத்தையும் தாங்காத மரத்தையும் அருகருகே வைத்து ஒப்பிட்டவர்கள்தான் குழாயின் நிலையில் இருக்கும் வித்தியாசத்துக்கு வந்து சேர்ந்தார்கள். நம் கீழ்ப்பழனி மலையின் கமலா ஆரஞ்சு நலிந்துபோனதிலும் இந்த நோய்க்குப் பங்கு உண்டு என்பதால், அது நமக்குத் தூரத்துச் செய்தி இல்லை.

ஒரு புரதத்தைப் பற்றிய அறிவு தோப்புக்கு வந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் நம்மிடையே ஓர் உதாரணம் இருக்கிறது. அது நல்லதும் கெட்டதுமான உதாரணம். மாமரத்தைப் பூக்கவைக்க வேரடியில் ஊற்றும் பேக்லோபியூட்ரசால், ஜிப்பரெல்லின் உருவாகும் பாதையில் ஒரே ஒரு நொதியை அடக்குகிறது. அவ்வளவுதான் அதன் வேலை. கொழுந்து விடும் வேகம் குறைகிறது, பூ வருகிறது. அந்த ஒரு நொதியை அறிந்ததால் லட்சக்கணக்கான மரங்களின் காய்ப்பு மாறியிருக்கிறது. கூடவே, மரத்தைக் குத்தகைக்கு எடுத்தவர் வருடா வருடம் அளவுக்கு மீறி ஊற்றிவிட்டுப் போக, குட்டையான கொழுந்தும் நெருக்கியடித்த பூங்கொத்துமாகத் திணறும் மரங்களையும் நம் தோப்புகளில் பார்க்கிறோம். ஊற்றியது போதுமா, மரத்தில் இன்னும் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று இலையைப் பார்த்துச் சொல்லும் அடையாளம் ஒன்று வேண்டும் என்று விவசாயிகள் கேட்கிறார்கள். அது ஒரு புரதமாக இருக்கலாம். அதைத் தேட உங்களைவிடப் பொருத்தமானவர்கள் யார்?

வெயில் விஷயத்திலும் தோப்பில் கேட்கத்தக்க கூர்மையான கேள்விகள் இருக்கின்றன. ருபிஸ்கோவை இயங்கவைக்கும் ஆக்டிவேஸ் என்ற துணைப்புரதம் பல தாவரங்களில் வெப்பத்துக்கு மிகச் சீக்கிரம் தளர்ந்துவிடுகிறது. இலை சுடும்போது ஒளிச்சேர்க்கை முதலில் சறுக்கும் இடங்களில் அது ஒன்று. சித்திரை வெயிலில், காற்றில்லாத பிற்பகலில், இலைத்துளைகளை மூடிக்கொண்ட மா இலை சுற்றுக் காற்றைவிடச் சில டிகிரி கூடச் சூடாகிவிடும். பங்கனப்பள்ளி, நீலம், பெங்களூரா, இமாம் பசந்து இவற்றில் எந்த ரகத்தின் ஆக்டிவேஸ் அந்தச் சூட்டில் தாக்குப்பிடிக்கிறது? இதற்கு ஆயிரம் புரதப் பட்டியல் வேண்டாம். ஒரு புரதம், நான்கு ரகம், ஒரு கோடை முழுக்க மரத்தடியில் நிற்கும் பொறுமை போதும்.

ஆகவே, மாதிரி எடுக்கும் நாளில் உங்கள் குறிப்பேட்டில் இன்னும் கொஞ்சம் எழுதுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். மரத்தின் வயது. வேர்ச்செடி தெரியுமா, தெரியாதா. இந்த மரம் போன வருடம் காய்த்ததா, ஓய்ந்ததா. ஒரு வருடம் தாங்காமல் காய்த்து மறுவருடம் வெறுமனே நிற்கும் பழக்கம் மாவுக்கு உண்டு என்பது உங்களுக்குத் தெரியாததா? காய்த்த மரத்தின் இலையும் ஓய்ந்த மரத்தின் இலையும் சர்க்கரையிலும் மாவுச்சத்திலும் ஒன்றாக இருக்காது. இலை செம்புநிறக் கொழுந்தா, பச்சை ஏறியதா, முற்றியதா. எத்தனை மணிக்குப் பறித்தது. கடைசியாகத் தண்ணீர் பாய்ந்தது எப்போது, மருந்தடித்தது எப்போது. இதையெல்லாம் தோப்புக்காரரிடம் கேட்டால் அலுக்காமல் சொல்வார். நூற்றுக்கணக்கான மரங்கள் இருக்கும் தோப்பில்கூட எந்த மரம் முதலில் பூக்கும், எது பிஞ்சை உதிர்க்கும், எது வெயிலைத் தாங்கும் என்று அவருக்கு மரம் மரமாகத் தெரியும். உங்கள் ஒப்பீட்டுக்கு வேண்டிய மரங்களை அவர் ஏற்கெனவே கண்ணால் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறார்.

நெறியாளர்களிடமும் நிதி ஒதுக்குகிறவர்களிடமும் தனியாக ஒரு வார்த்தை. இளைய ஆய்வாளர் கன்றை எடுப்பது சோம்பலால் இல்லை. பட்டத்துக்கு மூன்று, நான்கு ஆண்டுதான் கிடைக்கிறது, உதவித்தொகைக்கும் காலக்கெடு இருக்கிறது. ஒரு காய்ப்பு ஆண்டும் ஓர் ஓய்வு ஆண்டும் பார்த்து முடிக்கவே இரண்டு வருடம் போய்விடும். நடுவில் ஒரு மார்ச் மாதத்து ஆலங்கட்டி மழை வந்தால் அந்த வருட மாதிரி போயிற்று. அந்தப் பயத்தில்தான் அவர்கள் கூடாரத்துக்குள் கன்றை வைத்துக்கொள்கிறார்கள். பழமரத்துக்கென்று நீண்டகால ஒதுக்கீடு வேண்டும். ஒரு மாணவர் தொடங்கிய மரங்களை அடுத்த மாணவர் தொடரும்படி, எண் கட்டிய, வேர்ச்செடி தெரிந்த நிலையான மரங்கள் ஆராய்ச்சி நிலையங்களில் வேண்டும். உறைநிலைப் பெட்டியில் வைத்த இலைத்தூள் மாணவர் பட்டம் வாங்கிப் போனதும் குப்பைக்குப் போகக் கூடாது. பெட்டிக்கு மின்சாரமும், மாதிரிக்கு ஒழுங்கான பதிவேடும் கேட்பது பெரிய கோரிக்கை இல்லை.

எழுதுவதைப் பற்றியும் கேட்கிறேன். ஆங்கிலத்தில் எழுதுவது உங்கள் தொழிலுக்குத் தேவை, அதை யாரும் குறை சொல்ல முடியாது. அதோடு சேர்த்து, யாருடைய தோப்பில் இலை பறித்தீர்களோ அவருக்குத் தமிழில் இரண்டு பக்கம் எழுதிக் கொடுங்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ‘வளரும் வேளாண்மை’ என்று மாத இதழே நடத்துகிறது, இடம் இல்லாமல் இல்லை. பலன் ஒன்றும் தெரியவில்லை என்றாலும் அதையும் எழுதுங்கள். பலனில்லை என்று தெரிந்த மருந்துக்கு அடுத்த வருடம் அவர் காசு கொடுக்காமல் இருப்பார்.

இப்போதைக்கு ஒரு கேள்வியை உங்கள் முன் வைத்துவிட்டு நிறுத்துகிறேன். இது நான் போகும் தோப்பிலெல்லாம் கேட்பது. ஒரு மாம்பூங்கொத்தில் ஆயிரத்துக்கும் மேல் பூ இருக்கிறது. நூற்றில் ஒன்றுகூடப் பழமாவதில்லை, அது இயற்கை. ஆனால் கோலிக்குண்டு அளவு தாண்டி, கொட்டை கட்டத் தொடங்கிய பிஞ்சுகளும் வெயில் ஏறிய சில நாட்களில் ஒரே மூச்சில் உதிர்கின்றன. ஒரு மரத்தடியில் பாய் விரித்ததுபோல் கிடக்கும். பக்கத்து மரம், அதே ரகம், அதே வயது, அதே பாசனம், பிஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். உதிர்வதற்கு முன்னால் காம்பில் ஓர் இடத்தில் உயிரணுச் சுவர்களைக் கரைக்கும் நொதிகள் வேலை செய்தாக வேண்டும், எத்திலீன் அதைத் தூண்டுகிறது என்பதெல்லாம் தெரிந்ததே. தெரிய வேண்டியது, அந்த இரண்டு மரங்களின் காம்பிலும் உதிர்வுக்கு நான்கைந்து நாள் முன்னால் என்ன வித்தியாசம் என்பது. வித்தியாசம் காம்பில் இருக்கிறதா, இலையில் இருக்கிறதா, கண்ணுக்குத் தெரியாத வேர்ச்செடியில் இருக்கிறதா? வருகிற பங்குனியில் நைட்ரஜன் குடுவையோடு நீங்கள் வந்தால், அந்த இரண்டு மரங்களையும் காட்ட போச்சம்பள்ளி, பர்கூர், காவேரிப்பட்டினம் பக்கத்தில் ஆள் இருக்கிறார்கள். காலை ஏழு மணிக்கு முன்னால் வாருங்கள், வெயில் ஏறிவிட்டால் இலையின் கணக்கு மாறிவிடும்.

அன்புடன்,
கிருஷ்ணகிரித் தோப்புகளைச் சுற்றிவரும் ஒரு தோட்டக்கலை எழுத்தாளன்